வெள்ளைக்கருன்னு சொல்லித் தந்தது

எங்க வீட்டுக்குள்ள முட்டைங்கற சொல்லு பரீட்சைத் தாளோட மட்டும்தான் வரும். "கணக்குல முட்டையா?"ன்னு அப்பா கேட்பாவ, அதோட சரி. திருநெல்வேலி டவுன்ல நாங்க பழைய சைவக் குடும்பம். கேக்குல முட்டை சேர்ப்பாங்கன்னு யாரோ சொன்னதுல இருந்து பிறந்தநாளுக்குக்கூட கேக்கு கிடையாது, கேசரிதான். அப்படியாப்பட்ட வீட்டுல பிறந்த பொம்பளைப் பிள்ளை ஒருத்தி பளு தூக்கப் போனா. அது நான்தான்.

பாளையங்கோட்டையில காலேஜ் படிக்கும்போது ஆரம்பிச்சது. தொண்ணூறுகள்ல பொம்பளைங்க பளு தூக்குதது எங்க பக்கம் அப்பத்தான் புதுசு. பயிற்சி குடுக்க வந்த சார் என் தோளையும் கையையும் பார்த்துட்டு, "ஒனக்கு இது வரும், பிள்ளே"ன்னாரு. வந்தது. கம்பியைத் தலைக்கு மேல நிறுத்தி, முழங்கை மடங்காம, கால் ஆடாம, சார் "விடு"ன்னு சொல்லுத வரைக்கும் நிக்கிற அந்த நேரத்துல வேற எந்த ஆசையும் எனக்கு இருந்ததில்ல. பீத்திக்கிடுதேன்னு நினைச்சாலும் நினைச்சுக்கிடுங்க. எனக்கு வேற எதுவும் அவ்வளவு நல்லா வரல.

வீட்டுல அதுக்குள்ள ஜாதகத்தை வெளிய எடுத்துட்டாங்க. நான் அப்பாகிட்ட அழுது, சண்டை போட்டு, ஒரு வாக்கு வாங்கினேன். மாநில அணியில இடம் கிடைச்சா விளையாட்டு ஒதுக்கீட்டுல வேலை வரும். வேலை வந்தா கல்யாணப் பேச்சே கிடையாது, நானாச் சொல்லுத வரைக்கும். இடம் கிடைக்கலன்னா வாயைத் திறக்காம கழுத்தை நீட்டணும். அப்பா ஒத்துக்கிட்டாவ. கிடைக்காதுங்கற தைரியத்துல ஒத்துக்கிட்டாவன்னு இப்பத் தோணுது. மதுரையில நடக்கப்போற தேர்வுல ஜெயிக்கிறதுதான் எனக்கு இருந்த ஒரே வழி.

நான் தூக்கினது ஐம்பது கிலோப் பிரிவு. அதுல ஒரு சிக்கல். "எடை ஏறக் கூடாது, பலம் ஏறணும். நீ சாப்பிடுத சோறும் ரசமும் இதுக்குக் காணாது. முட்டை தின்னு"ன்னாரு சார். நான் காதைப் பொத்திக்கிட்டேன். சரி, முட்டை இல்லாம என்ன உண்டுன்னு கேட்டேன். அவரும் பொறுமையாத்தான் சொன்னாரு.

முதல்ல கொண்டக்கடலை. ஊறவச்ச கடலையைக் கைப்பிடி கைப்பிடியாத் தின்னுட்டு மைதானத்துக்குப் போனா, வயிறு உருமுத சத்தம் சாருக்கே கேட்கும். குனிஞ்சு கம்பியைப் பிடிக்கப் பயம், மானம் போயிடும்னு. அடுத்து நிலக்கடலையும் பாலும். பலம் ஏறுச்சோ இல்லையோ, எடை ஏறுச்சு. கடைசியா சோயா உருண்டை. அம்மா அதை வெந்நீர்ல போட்டா, பிழிஞ்சா, ஒண்ணை எடுத்து வாயில வச்சு ஒரு கடி கடிச்சா, அப்படியே முற்றத்துல துப்பினா. "ஏட்டி, இது கறி மாதிரில்ல இருக்கு"ன்னா. வாழ்க்கையில கறியே தின்னாதவளுக்கு அது கறி மாதிரி இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு நான் கேட்டதுக்கு முதுகுல ஒண்ணு வச்சா. அந்தப் பாத்திரத்தையே வெளிய தூக்கிப் போட்டுட்டா.

திரும்பவும் சார்கிட்ட போய் நின்னேன். "முழு முட்டை ஒனக்கு வேண்டவே வேண்டாம்"னாரு. "மஞ்சள்ல கொழுப்பு. எடை ஏத்திவிட்டுரும். உசுரும் அதுலதான் இருக்கு. வெள்ளையில ஒண்ணுமே கிடையாது, வெறும் சத்து. வெள்ளைக்கரு மட்டும் சாப்பிட்டா பாவம் இல்ல, பிள்ளே."

"பேர்லயே கரு இருக்கே, சார்?"ன்னேன்.

அவரு முழிச்சாரு. "அது பேருக்குத்தான்"னாரு. பிறகு, பண்ணைக் கோழி முட்டையில உசுரே கிடையாது, அதைச் சைவ முட்டைன்னே சொல்லுதாங்கன்னு ஆரம்பிச்சாரு. சைவ முட்டையாம்! எங்க அப்பா காதுல விழுந்தா சாரை மைதானத்தைச் சுத்தி ஓட விட்டிருப்பாவ. ஆனா எனக்கு அந்தச் சொல்லு தேவைப்பட்டுது. இது கருவா இல்லையான்னு ராத்திரி பகலா மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டுக் கடைசியில முடிவு பண்ணினேன். தின்னுருவோம். பாவம்னா பாவம்.

ஆனா திருட்டுத்தனமாத் திங்க மனசு வரல. அம்மாகிட்டயே சொல்லிட்டேன். அடுப்படியில உக்காந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா. அழுவா, அடிப்பா, மண்ணெண்ணெயை எடுப்பான்னு எல்லாத்துக்கும் தயாராத்தான் போனேன். அவ கீரையை விட்டுக் கண்ணை எடுக்கல. மறுநாள் காலையில, "வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது. அப்பாவுக்குத் தெரியக் கூடாது. எங்க வச்சுத் திங்கப் போற?"ன்னு மட்டும் கேட்டா. என் சிநேகிதி வீட்டுல அவிச்சுத் தருவாங்கன்னேன். "சரி"ன்னுட்டா. அந்த "சரி"க்கு நான் அவ கால்ல விழாத குறை. எங்க அம்மா மாதிரி உண்டாட்டின்னு காலேஜ் பூராவும் சொல்லித் திரிஞ்சேன். நான் ஒரு கிறுக்கச்சி.

சிநேகிதிக்கு மேலப்பாளையம். என் கூட ஒரே பெஞ்சுல உக்காந்தவ. நோன்புக் கஞ்சியை அவ வீட்டுலதான் நான் முதல்ல குடிச்சேன், எனக்காகக் கறி போடாம தனியாக் காய்ச்சுவாங்க. அவளுக்குத் தெரியாத ரகசியம் என்கிட்ட கிடையாது. "ஒனக்கு முட்டை வாசம் தாங்காதுட்டி. நான் ஆவியில வேகவச்சு, மிளகு போட்டுக் கொண்டாரேன். வாசமே வராது"ன்னா. முட்டையை நான்தான் வாங்கிக் குடுப்பேன். பழைய பேப்பர்ல சுத்தி, பயிற்சிப் பையில துண்டுக்கு நடுவுல வச்சு, பஸ்ல யாரும் இடிச்சிறாம மடியில ஏந்திக்கிட்டுப் போவேன். அவ மறுநாள் சின்ன எவர்சில்வர் டப்பாவுல வெள்ளை வெளேர்னு துண்டு போட்டுக் கொண்டாருவா. கரண்டி பட்டா அசையும். உப்பும் மிளகும். முதல் நாள் கண்ணை மூடிக்கிட்டு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கினேன். அவ என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தா.

"எப்படிட்டி இருக்கு?"

"இதுக்கா இத்தனை பாடு? ஒரு ருசியும் இல்லையே"ன்னேன்.

அவ சிரிக்கல. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். எங்க உறைச்சுது?

அன்னைக்கு ஆரம்பிச்சு நான் பூஜை ரூமுக்குள்ள போறதை நிறுத்திட்டேன். யாரும் சொல்லல, நானா எடுத்த முடிவு. முட்டை தின்ன வாயோட உள்ள போய் நிக்க எனக்குக் கூசுச்சு. வாசப்படிக்கு வெளிய நின்னு கும்பிடுவேன். அப்பா கேட்டாவன்னா அம்மா ஏதாவது சொல்லிச் சமாளிப்பா. தீபாராதனை முடிஞ்சதும் அவளே திருநீற்றை எடுத்துட்டு வெளிய வந்து என் நெத்தியில பூசிவிடுவா. சில நாள் அவ கண்ணு கலங்கியிருக்கும். எனக்காக எவ்வளவு தாங்குதா பாருன்னு எனக்கும் கலங்கும். சிவராத்திரி அன்னைக்குக் கோயிலுக்கும் போகல. எங்க தெரு முனையிலதான் கோபுரம். எல்லாரும் போன பிறகு நான் மட்டும் வாசல்ல உக்காந்து மணிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருந்தேன். சாமி என்னை விட்டுப் போயிட்டாருன்னு நெசமாவே நம்பி அழுதேன். அழுதுட்டு மறுநாளும் போய்த் தின்னேன். அவ்வளவு ஆசை எனக்கு அந்த மதுரை மேல.

மதுரையில ஒரு பள்ளிக்கூடத்துல தங்கவச்சாங்க. தேர்வன்னைக்குக் காலையில வரிசையா உக்காரவச்சு இட்லியும் அவிச்ச முட்டையும் போட்டாங்க. என் பக்கத்துல புன்னக்காயல்ல இருந்து வந்த பிள்ளை. அவளும் என் எடைப் பிரிவுதான். சுத்தமாப் பேச்சே கிடையாது, முட்டையைத் தரையில ஒரு தட்டு, உருட்டு, உரிச்சு, மஞ்சளோட முழுசா வாயில போட்டா. நான் பெரிய இவ மாதிரி, "மஞ்சள் கொழுப்புல்லா, நான் வெள்ளைக்கரு மட்டும்தான் சாப்பிடுவேன்"ன்னேன். சொல்லிட்டு முட்டையைக் கையில எடுத்தேன். எப்படி உரிக்கணும்னு தெரியல. அதுவரைக்கும் முட்டையை ஓட்டோட வாங்கிக் குடுத்திருக்கேனே தவிர, உரிச்சதில்லையே. அவதான் வாங்கி உரிச்சுத் தந்தா.

ஒரு கடி கடிச்சேன். அந்த வாசம்! குப்புன்னு மூக்குல ஏறுச்சு. பல்லுக்குள்ள ரப்பர் மாதிரி நெறுக்குன்னுச்சு. நான் இத்தனை மாசமாத் தின்னது பல்லே வேண்டாம், நாக்குல வச்சா வழுக்கிக்கிட்டு உள்ள போகும். இலையிலயே துப்பிட்டு, "சார், இது கெட்ட முட்டை"ன்னு கத்தினேன்.

பந்தி விசாரிச்சுக்கிட்டிருந்த ஆளு ஓடி வந்தாரு. சார் வந்தாரு. மிச்சத்தை எடுத்து மோந்து பார்த்தாரு, ஒரு துண்டு கடிச்சும் பார்த்தாரு. "நல்ல முட்டைதானே"ன்னாரு.

"இல்ல சார். எனக்குத் தெரியாதா? தினமும் திங்குதேன். இது வெள்ளைக்கருவே இல்ல."

வரிசை பூரா கொல்லுன்னு சிரிச்சுது. புன்னக்காயல்காரி மட்டும் சிரிக்கல. சார் என்னை ஒரு பார்வை பார்த்தாரு. குரலைத் தாழ்த்தி, "அப்ப நீ இத்தனை நாளா என்னத்தைத் தின்னே?"ன்னாரு.

அந்தக் கேள்வியோடதான் மேடை ஏறினேன். குனிஞ்சு கம்பியைப் பிடிச்சா, கை கம்பியில இருக்கு, மனசு அந்த எவர்சில்வர் டப்பாவுல இருக்கு. கடைசித் தூக்குல கம்பி நெஞ்சு வரைக்கும் வந்துது. அதுக்கு மேல போகல. புன்னக்காயல்காரி அதே எடையைத் தலைக்கு மேல ஏத்தி நிறுத்தி, இங்கன அங்கன அசையாம நின்னா. இடம் அவளுக்கு. நெசமான முட்டை தின்னிருந்தா நான் தூக்கியிருப்பேனா? தெரியாது. அந்தக் கேள்வியை என் தலையில கட்டிவிட்டுட்டாங்களே, அதை நினைச்சாத்தான் இப்பவும் எனக்கு வயிறு எரியுது.

திருநெல்வேலி ஜங்ஷன்ல பஸ்ஸைவிட்டு இறங்கினதும் வீட்டுக்குப் போகல. நேரா மேலப்பாளையம். என்னைப் பார்த்ததுமே சிநேகிதி மூஞ்சி வெளுத்துப் போச்சு. "என்னட்டி தந்தே எனக்கு?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

"கடல்பாசி"ன்னா.

நோன்பு நேரத்துல அவங்க வீட்டுல காய்ச்சுவாங்க. பால்ல போட்டுக் காய்ச்சி ஆறவச்சாக் கட்டியாயிரும், துண்டு போடலாம். சீனி, ரோஸ் கலர், முந்திரி எல்லாம் போட்டு நானே அவ வீட்டுல தின்னிருக்கேன். சீனியை எடுத்துட்டு உப்பும் மிளகும் போட்டா எனக்கு அடையாளம் தெரியல. எப்படித் தெரியும்? முட்டையைக் கண்டேனா, கவுச்சியைக் கண்டேனா! வேற எந்த வீட்டுப் பிள்ளைகிட்டயும் இந்தப் பருப்பு வேகாது. சைவ வீட்டுப் பிள்ளைகிட்ட மட்டும்தான் கடல்பாசியை முட்டைன்னு விக்கலாம். ஏமாத்தினா அல்வா குடுத்துட்டாங்கன்னு மத்த ஊர்க்காரங்க சொல்லுவாங்க. அல்வாவுக்குப் பேர்போன ஊர்ல பிறந்த எனக்கு அதுகூடக் கிடைக்கல பாருங்க.

"நல்ல பால்லதாண்டி காய்ச்சினேன்"ன்னு அழுதா அவ. பால்லயாம்! "நான் வாங்கித் தந்த முட்டை?"ன்னேன். "தம்பிங்க தின்னுட்டானுவ."

"ஏன்ட்டி? நான் ஒனக்கு என்ன செஞ்சேன்?"

"உங்க அம்மா வந்தாவ"ன்னா.

எங்க அம்மா மேலப்பாளையத்துக்கு வந்தாளா? வெளியிடத்துல பச்சத்தண்ணி குடிக்காதவ. அவ கீரை ஆயும்போது நான் சொன்னேன் பாருங்க, அதுக்கு மறுநாளே, நான் காலேஜ் போன பிறகு பஸ் ஏறி, தெருத் தெருவா வீட்டை விசாரிச்சு வந்திருக்கா. சிநேகிதியோட உம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, எம் பிள்ளைக்கு முட்டையைத் தந்துறாதீங்க, தந்த மாதிரி வேற எதையாவது தந்துருங்கன்னு அழுதிருக்கா. "நம்ம பிள்ளைக்கு ஒருத்தி ஹராமைத் தின்னத் தந்தா நமக்கு எப்படி இருக்கும்னு உம்மா கேட்டாவட்டி. நான் என்ன சொல்லுவேன்?"ன்னா.

"நான் கேட்டதைத் தரமாட்டேன்னு சொல்லியிருக்கலாம்லா? நான் வேற எங்கயாவது போயிருப்பேன்லா?"

"அதுக்குத்தாண்டி சொல்லல"ன்னா.

அவ வீட்டை விட்டு எறங்கினதுதான். அதுக்கப்புறம் காலேஜ்ல நான் வேற பெஞ்சுக்குப் போயிட்டேன். அவ கல்யாணத்துக்கும் போகல.

அம்மாகிட்ட எதுவும் கேட்கல. கேட்டா என்ன ஆகும்னு எனக்கே பயமா இருந்துது. அதோட ஒரு வீம்பும். அவளே சொல்லட்டும். வழக்கம் போலக் காலையில பூஜை ரூமுக்கு வெளிய போய் நின்னேன். எம்மா, நான்தான் தோத்துட்டேனே, இனியாவது உண்மையைச் சொல்லேன்னு மனசுக்குள்ள கெஞ்சினேன். நீ ஒண்ணும் திங்கலட்டி, உள்ள வான்னு ஒரு வார்த்தை. அவ வெளிய வந்து, கண்ணு கலங்கத் திருநீறு பூசிட்டு உள்ள போயிட்டா. மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, "பளு தூக்குததுதான் முடிஞ்சு போச்சே. குறுக்குத்துறைக்குப் போய் ஆத்துல முங்கிட்டு வருவோம். தின்ன பாவம் அதோட போயிரும். பொறவு நீ உள்ள வரலாம்"ன்னா. திங்கவே இல்லைன்னு தெரிஞ்சவ கூப்பிடுதா, தின்ன பாவத்தைக் கழுவ! போனேன். தாமிரபரணியில அன்னைக்கு நல்ல தண்ணி. அம்மா இடுப்பளவு தண்ணியில நின்னு என் தலையைப் பிடிச்சு முக்கினா. வாய் என்னமோ முணுமுணுத்துக்கிட்டே இருந்துது. தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுப் பார்த்தேன், அவ சேலை தெரிஞ்சுது. இப்படி ஒரு பொம்பளை உண்டுமா உலகத்துலன்னு நினைச்சேன். ஈரத்தோட கரையேறி வந்ததும் என்னைக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்தா. நெசமான பாசம். அதுதான் எனக்குத் தாங்கல.

அடுத்த மாசமே ஸ்ரீவைகுண்டத்துல இருந்து பெண் பார்க்க வந்தாங்க. வாழைத்தோட்டம், சொந்த வீடு, மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம். எங்களைவிட ஆசாரம். நான் கேசரித் தட்டை நீட்டினேன். மாப்பிள்ளையோட அம்மா கேசரியை எடுக்காம என் கையைப் பார்த்தா. கம்பி பிடிச்சுக் காய்ச்சுப் போன கை.

"பிள்ளை பாரம் எல்லாம் தூக்குமாமே. அதுக்கு முட்டை கிட்டை திங்கணும்பாங்களே?"ன்னு கேட்டா.

அப்பா சிரிச்சு மழுப்பப் பார்த்தாவ. அம்மா எந்திரிச்சா. பூஜை ரூமைப் பார்த்துக் கையை நீட்டினா. "அந்தச் சாமி சாட்சியாச் சொல்லுதேன். எம் பிள்ளை வாயில ஒரு துளி முட்டை பட்டதில்ல."

குரல்ல ஒரு நடுக்கம் இல்ல. எப்படி இருக்கும்? அவளுக்கு அது சத்தியமான சத்தியம். அப்பத்தான் எனக்கு எல்லாம் விளங்குச்சு. பாவம், சாமி, ஆத்துத் தண்ணி, திருநீறு எதுவுமே இல்ல. இந்த ஒரு பேச்சை இந்த ஆளுங்க முன்னால தலை நிமிர்ந்து சொல்லணும், அதுக்காகத்தான் அவ மேலப்பாளையத்துக்கு பஸ் ஏறினா. நான் மதுரையில தோத்தா இந்தத் தட்டைத் தூக்கிட்டு வந்து நிப்பேன்னு அவளுக்கு அன்னைக்கே தெரியும்.

"பட்டிருக்கு"ன்னேன்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

"மதுரையில. அவிச்ச முட்டை. தின்னேன்." துப்பினதைச் சொல்லல.

அவங்க எந்திரிச்சுப் போக ரொம்ப நேரம் ஆகல. அப்பா அவங்க பின்னாலயே வாசல் வரைக்கும் ஓடினாவ. அம்மா நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டிருந்தா. அவ பேயறைஞ்சவ மாதிரி என்னைப் பார்த்தா. என் கிட்ட வந்து ரெண்டு தோளையும் பிடிச்சுக்கிட்டா.

"ஏட்டி, எனக்குத் தெரியாம எப்படிட்டி தின்னே? பெத்தவகிட்டயே மறைச்சிட்டியே"ன்னு ஏங்கி ஏங்கி அழுதா. நெஞ்சுல கை வச்சுச் சொல்லுதேன், அவ நெசமாத்தான் அழுதா.